அடிபட்ட ஆமையைக் கண்டால் என்ன செய்வது, ஆமை இனங்கள் பிழைக்க எது உதவும்

கேள்வி இதுதான்: சாலையில் வண்டி ஏறி ஓடு உடைந்த ஆமையையோ, கரையில் சோர்ந்து கிடக்கும் கடலாமையையோ கண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஓடு உடைந்தால் பிழைக்குமா? ஒரே ஓர் ஆமையைக் காப்பாற்றுவதால் அந்த இனத்துக்கு ஏதாவது பயன் உண்டா? ஆமைகளுக்காக வேறென்ன செய்யலாம்?

மூன்றாவதாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘ஒன்றைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது’ என்ற எண்ணம்தான் நல்ல மனம் உள்ளவர்களையும் வண்டியை நிறுத்தாமல் போக வைக்கிறது. வேகமாகப் பெருகும் உயிர்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். ஆமைக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஆமை மெதுவாக வளரும், தாமதமாகப் பருவமடையும், அதன் பிறகு நெடுங்காலம் முட்டையிடும். வட அமெரிக்காவின் பிளாண்டிங் ஆமை முதல் முட்டையிட 14 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. பேராமை எனப்படும் பச்சைக் கடலாமைக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் ஆவதும் உண்டு. இட்ட முட்டைகளில் பெரும்பகுதியை நரியோ ரக்கூனோ உடும்போ நண்டோ தின்றுவிடும். பொரித்து வெளியே வரும் குஞ்சுகளிலும் மிகச் சிலவே பெரிதாகும். இந்த இழப்பையெல்லாம் ஈடுகட்டுவது வளர்ந்த பெண் ஆமைகளின் நீண்ட ஆயுள் மட்டும்தான். மிச்சிகனில் பிளாண்டிங் ஆமைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஜஸ்டின் காங்டனும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியது. வளர்ந்தவற்றில் ஆண்டுக்குச் சில விழுக்காடு கூடுதலாகச் செத்தாலே கூட்டம் தேயத் தொடங்கிவிடும். கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் 1980களின் பிற்பகுதியில் நடந்தது இதற்குச் சான்று. குளிர்காலத்தில் நீருக்கடியில் அசையாமல் கிடந்த, ‘கடிக்கும் ஆமை’ (snapping turtle) என்ற இனத்தைச் சேர்ந்த ஆமைகளை நீர்நாய்கள் பெருமளவில் கொன்றுவிட்டன. பாதுகாக்கப்பட்ட பூங்காதான், ஆய்வாளர்கள் விடாமல் கண்காணித்த இடம்தான். ஆனாலும் இருபது ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது அந்தக் கூட்டம் மீண்டிருக்கவில்லை.

சாலையில் அடிபடுபவற்றில் பெண் ஆமைகள் நிறைய இருப்பதுதான் இதில் கொடுமை. முட்டையிட இடம் தேடி நீரை விட்டு வெளியே நடப்பவை அவைதான். வெயில் விழும் சாலையோரச் சரளை மண் அவற்றுக்கு முட்டையிடத் தோதான இடம். ஆகவே அடிபட்ட ஒரு பெண் ஆமை தேறி, தன் குளத்துக்கே திரும்பினால், இன்னும் பல பத்தாண்டுகளுக்கான முட்டைகளும் அதோடு திரும்புகின்றன. ஆமைகளைப் பொறுத்தவரை ஒன்றைக் காப்பாற்றுவதும் இனத்தைக் காப்பாற்றுவதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். பரிதாபத்தால் செய்தாலும் சரி, கணக்குப் பார்த்துச் செய்தாலும் சரி, பலன் ஒன்றுதான்.

சரி, சாலைக்கு வருவோம். முதலில் உங்கள் பாதுகாப்பு. வண்டியை ஓரம் கட்டி, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி விளக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். ஆமைக்குக் காயம் எதுவும் இல்லை, சும்மா சாலையைக் கடக்கிறது என்றால், அது எந்தப் பக்கம் நோக்கிப் போகிறதோ அந்தப் பக்கத்து ஓரத்தில் கொண்டுபோய் விட்டால் போதும். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடியும் சாலையில் ஏறும். ‘பக்கத்தில் ஒரு நல்ல ஏரி இருக்கிறது, அங்கே விடலாம்’ என்று எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பல ஆமைகள் வாழ்நாள் முழுவதும் ஒரு சிறு வட்டாரத்துக்குள்ளேயே புழங்குபவை. எங்கே தண்ணீர் வற்றாது, எங்கே குளிருக்கு ஒதுங்கலாம், எங்கே முட்டையிடலாம் என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. வேறு இடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி அலைந்து, மேலும் பல சாலைகளைக் கடந்து, பெரும்பாலும் செத்துப் போகின்றன.

காயம் இருந்தால், தூக்குவதற்கு முன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் இருப்பிடத்தைச் சேமித்து, சுற்றுப்புறம் தெரியும்படி ஒரு படமும் எடுத்துக்கொண்டால் போதும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ‘எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை’ என்று வந்து சேரும் ஆமைகள் தேறிய பிறகும் வீடு திரும்ப முடியாமல் தவிப்பதுதான். மாதக்கணக்கில் பார்த்த வைத்தியம், திருப்பி விட இடம் தெரியாததால் பாதியில் நின்றுபோகும்.

தூக்கும்போது இரண்டு கைகளாலும், முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஓட்டின் பக்கவாட்டைப் பிடியுங்கள். தரையை ஒட்டியே நகர்த்துங்கள். திமிறி நழுவினால் உயரத்திலிருந்து விழக் கூடாது. வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, முதுகெலும்பின் கடைசிக் கண்ணிகள் பிசகிவிடும். கடிக்கும் ஆமைக்கும் மென்ஓட்டு ஆமைக்கும் கழுத்து நீளம். பக்கவாட்டில் பிடித்த கையைத் திரும்பிக் கடிக்கக்கூடியவை அவை. அவற்றைப் பின்னங்கால்களை ஒட்டிய ஓட்டு விளிம்பில் பிடிக்க வேண்டும். கை வைக்கத் தயக்கமாக இருந்தால் கார் தரைவிரிப்பையோ பலகையையோ அடியில் நுழைத்து இழுத்துவிடலாம்.

ஆமையை வைத்துக் கொண்டுபோகும் பெட்டியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும், அடியில் வழுக்காத துணி விரித்திருக்க வேண்டும், மூடி கட்டாயம். இருட்டும் அமைதியும்தான் அந்த நேரத்து முதல் மருந்து. ஒரு பெட்டிக்கு ஓர் ஆமை. தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள். அடிபட்டு மயங்கிய நீராமை ஒரு சாண் தண்ணீரில்கூட மூழ்கிச் சாகும், உடைந்த ஓட்டின் வழியே அழுக்குத் தண்ணீரும் உள்ளே போகும். மென்ஓட்டு ஆமையின் தோல் காய்ந்துவிடும் என்பதால் அதற்கு மட்டும் ஈரத்துணி போதும். தின்ன எதுவும் கொடுக்க வேண்டாம். ஆமை நாள்கணக்கில் பட்டினி தாங்கும், ஆனால் மயக்க மருந்து கொடுக்க வேண்டிய நிலையில் வயிறு நிறைந்திருந்தால் ஆபத்து. இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து மெல்ல அழுத்துங்கள். காயத்தில் ஈ உட்காராமல் மூடிவையுங்கள். வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே ஈ முட்டை வைத்து, மறுநாள் புழுவாகிவிடும். உடைந்து விழுந்த ஓட்டுத் துண்டுகள் கண்ணில் பட்டால் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள், சில நேரம் மருத்துவர் அவற்றை மீண்டும் பொருத்துவார். பெட்டியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். ஹீட்டர், சூடான பை எதுவும் வேண்டாம். அப்புறம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள், ஆமைகளின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சாதாரணம்.

பசை, எபாக்சி, டேப் என்று எதையும் ஓட்டில் ஒட்டாதீர்கள். முன்பு மருத்துவர்களே ஃபைபர் கிளாஸ் வைத்து உடைந்த ஓட்டை மூடியதுண்டு; அந்தப் பழைய படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வீட்டிலேயே முயல்கிறார்கள். மூடிய ஓட்டுக்கு அடியில் கிருமி சிக்கிக்கொண்டால், வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். இப்போது புண் மூச்சுவிடும்படி திறந்து வைத்து, தினமும் சுத்தம் செய்து ஆற்றுகிறார்கள்.

ஓடு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் இதெல்லாம் ஏன் என்று புரியும். மேல் ஓடு, விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று ஒன்றோடொன்று பிணைந்து உருவான எலும்புப் பலகை. அதன் மேல் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் தகடுகளாகப் படர்ந்திருக்கிறது. எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. ஓட்டை விரலால் தடவினால் ஆமைக்குத் தெரியும், உடைந்தால் வலிக்கும். சத்தம் போடாத விலங்கு என்பதால் அதன் வலி நம் கண்ணுக்குப் படுவதில்லை. நல்ல மருத்துவமனையில் ஆமைக்கு முதலில் போடும் ஊசிகளில் வலி மருந்தும் ஒன்று.

மேல் ஓட்டுக்கு நேர் கீழே நுரையீரல். ஓட்டின் மேற்புறம் ஆழமாக விரிந்திருந்தால் விரிசலின் ஓரத்தைச் சில நிமிடம் உற்றுப் பாருங்கள். கழுத்தையும் முன்னங்கால்களையும் ஆமை லேசாக உள்ளே இழுக்கும்போது அங்கே ஒரு சிவந்த குமிழ் எழும், வெளியே நீட்டும்போது அடங்கும். நுரையீரல் கிழிந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த விரிசலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. நம் மார்பில் இப்படி ஒரு துளை விழுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. கால்களையும் வயிற்றையும் சார்ந்த தசைகளைக் கொண்டே நுரையீரலை விரித்துச் சுருக்குகிறது. அதனால்தான் நுரையீரல் வெளியே தெரியும் அளவு உடைந்தவையும் மூச்சுவிட்டுக்கொண்டு மருத்துவமனை வரை வந்து சேர்கின்றன. அவற்றில் பல பிழைக்கவும் செய்கின்றன. பார்த்தவுடன் ‘இது தேறாது’ என்று முடிவு கட்டும் உரிமை நமக்கு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓட்டின் நடுக்கோட்டில் விழுந்த விரிசல் வேறு வகை. முதுகுத் தண்டு அங்கேதான் ஓடுகிறது. பின்னங்கால்கள் தொய்ந்து இழுபட்டால் தண்டுவடத்தில் அடி என்று அர்த்தம். மருத்துவர் விரலை அழுத்தி, வாலைத் தொட்டு, காலை உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பார். எக்ஸ்ரே எடுப்பார், உடைந்த எலும்பு எது என்பதோடு வயிற்றில் முட்டை இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். அதன் பிறகு உடலில் நீர்ச்சத்து ஏற்றுவது, வலி மருந்து, ஆன்டிபயாடிக், விரிசலின் இரு பக்கமும் கொக்கி ஒட்டிக் கம்பியால் இழுத்துக் கட்டுவது என்று வேலை நீளும். ஆமையின் உடற்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. நோயெதிர்ப்பும் காயம் ஆறுவதும் மருந்து வேலை செய்வதும் அந்தச் சூட்டைப் பொறுத்தவை. அந்தந்த இனத்துக்கு ஏற்ற சூட்டில் வைத்துப் பார்த்தாலும் எலும்பு கூட மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேல். எல்லாமும் பிழைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாடை நொறுங்கி, தண்டுவடம் அறுந்து வருபவற்றுக்கு வலியில்லாத முடிவைக் கொடுப்பதுதான் கருணை. அந்த முடிவையும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். சாலையோரத்தில் கல்லாலோ வண்டிச் சக்கரத்தாலோ நாம் எடுக்கக் கூடாது.

அசையாமல் கிடக்கும் ஆமை செத்துவிட்டது என்று நம்புவதிலும் அவசரம் வேண்டாம். ஆமையின் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும், அதன் உடல் ஆக்ஸிஜன் இல்லாமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். கண் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள், வாலை லேசாகக் கிள்ளிப் பாருங்கள். எந்த அசைவும் இல்லாவிட்டாலும் கொண்டுபோங்கள். இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டால் ஒருவேளை துடிப்பு கேட்கும்.

உண்மையிலேயே செத்துப்போன பெண் ஆமையையும் விட்டுவிட்டு வராதீர்கள். வயிற்றில் இருக்கும் முட்டைகள் உடையாமல் இருக்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி உப்பங்கழிகளில் வாழும் வைரமுதுகு ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் கரையோரச் சாலைகளில் ஏராளமாக நசுங்குகின்றன. செத்த தாயின் உடலிலிருந்து முட்டைகளை எடுத்து, இன்குபேட்டரில் பொரிக்க வைத்து, வளர்த்து, அதே உப்பங்கழியில் விடும் வேலை அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. ஏற்கெனவே சாலையில் சிதறிக் கிடக்கும் முட்டைகளை எடுத்தால் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள், பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்துக்கொள்ளுங்கள். இட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். அதன் பிறகு புரட்டினால் செத்துவிடும்.

யாரிடம் கொண்டுபோவது? வனத்துறை, வனவிலங்கு மீட்பு மையம், ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு ஆமையைப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம், முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள். பல நாடுகளில் காட்டு ஆமையை வீட்டில் வைத்துப் பார்ப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வீட்டில் வைத்து ‘தேற்றிய’ ஆமைகள் வந்து சேரும் நிலையைப் பார்த்தால் அந்தச் சட்டம் நல்லது என்றுதான் தோன்றும். எண்களை இன்றே தேடிப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், சாலையோரத்தில் நின்றுகொண்டு தேடும் நிலை வேண்டாம்.

கடற்கரை வேறு உலகம். இரவில் கரையேறி மணலில் குழி தோண்டும் பெரிய பெண் ஆமைக்கு எந்த உதவியும் தேவையில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும். பகலில் அசையாமல் கிடப்பது, உடல் மெலிந்து அடி ஓடு உள்வாங்கியிருப்பது, உடம்பெல்லாம் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) படிந்திருப்பது, கரையை ஒட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து மிதப்பது, இவைதான் நோயின் அடையாளங்கள். இந்த நிலையில் இருப்பதைக் கடலுக்குள் தள்ளிவிடுவதுதான் மக்கள் பாசத்தோடு செய்யும் பெரிய கெடுதல். கடலாமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். நீந்த வலுவில்லாததைத் தண்ணீரில் தள்ளினால் மூழ்கிவிடும். நிழல் கொடுங்கள், மூக்கை விட்டுவிட்டு முதுகில் ஈரத்துணி போடுங்கள், கூட்டத்தையும் நாய்களையும் விலக்குங்கள், உரியவர்களுக்குச் சொல்லுங்கள். துடுப்பைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு கழன்றுவிடும். கொட்டலசைச் சுரண்டாதீர்கள், ஓட்டுத் தகடும் சேர்ந்து பெயரும்.

வலையில் மூழ்கி மயங்கிய ஆமையை மீனவர்கள் படகிலேயே மீட்டுவிட முடியும். மல்லாத்தக் கூடாது, வயிற்றை அமுக்கக் கூடாது. குப்புறப் படுக்க வைத்து, பின்பக்கத்தைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடியும். நிழலில், ஈரமாக, 4 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை அப்படியே விட்டுவைத்து, இடையிடையே கண்ணையும் வாலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். செத்ததென்று கடலில் வீசப்படும் ஆமைகளில் சில அப்போது உயிரோடுதான் இருக்கின்றன.

தூண்டில் முள் விழுங்கியிருந்தால் வாயிலிருந்து தொங்கும் தூண்டில் நரம்பை (தூண்டில் இழையை) பிடித்து இழுக்காதீர்கள். நரம்பின் ஒரு முனை முள்ளில் மாட்டியிருக்கும், மறுமுனையைக் குடல் தன் போக்கில் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். பாவாடையின் நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக் குவிவது போலக் குடல் அந்த நரம்பின் மேல் குவிந்து கிழிந்துவிடும். மருத்துவரிடம் கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால் நரம்பைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு வெட்டுங்கள், முள் எங்கே என்று தேட அது உதவும். துடுப்பில் வலை இறுகி வீங்கியிருந்தாலும் அறுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவதோடு வேலை முடியாது. இரத்தம் ஓடாமல் செத்த தசை பிறகு அழுகும், அதற்குச் சிகிச்சை தேவை.

இந்தச் சிகிச்சைக்கென்றே மருத்துவமனைகள் இருக்கின்றன. புளோரிடாவின் மாரத்தான் நகரில் 1986இல் தொடங்கிய ஆமை மருத்துவமனை அவற்றில் பெயர் பெற்றது. ஹெர்ப்பிஸ் வகைக் கிருமியோடு தொடர்புள்ள கட்டிகள் கண்ணை மறைத்து வளர்ந்துவிட்ட பேராமைகளுக்கு அங்கே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் கடலோரத்தைக் கடுங்குளிர் தாக்கியபோது, குளிரில் விறைத்து மிதந்த ஆயிரக்கணக்கான ஆமைகளைச் சாதாரண மக்கள் படகிலும் காரிலும் அள்ளிக்கொண்டு வந்து ஒரு மாநாட்டு மண்டபத்தின் தரை முழுக்கப் பரப்பி வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விலங்கு மருத்துவம் படித்தவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள், சட்டென்று சூடேற்றாமல் மெல்ல மெல்லத் தேறவிட்டார்கள், அவ்வளவுதான்.

இனி, இனத்துக்காக என்ன செய்யலாம் என்பது. மேலே சொன்ன கணக்குதான் இங்கேயும் வழிகாட்டி. 1987இல் குரௌஸ், கிரௌடர், காஸ்வெல் என்ற மூவர் பெருந்தலை ஆமைகளை வைத்து ஒரு கணக்கீடு செய்தார்கள். கரையில் முட்டைகளை முழுவதுமாகக் காப்பாற்றினாலும், கடலில் பெரிய ஆமைகள் சாவது நிற்காவிட்டால் கூட்டம் சரிந்துகொண்டேதான் போகும் என்று அது காட்டியது. அதுவரை எல்லோருடைய கவனமும் முட்டை மேல் இருந்தது. இறால் பிடிக்கும் இழுவலையில் ஆமை வெளியேறுவதற்கான கம்பிச் சட்டத்தைப் பொருத்த வேண்டும் என்ற வாதத்துக்கு இந்தக் கணக்கு பெரும் வலு சேர்த்தது. வலைக்குள் சாய்வாகப் பொருத்திய கம்பிகளின் இடைவெளி வழியே இறால் பின்னால் போய்விடும், ஆமை கம்பியில் மோதி மேலோ கீழோ உள்ள திறப்பு வழியே வெளியேறும். சரியாகப் பொருத்தினால் பெரும்பாலான ஆமைகள் தப்பிவிடுகின்றன.

கெம்ப் சித்தாமை என்ற கடலாமையின் கதையில் கரை, கடல் என்ற இரண்டு முனையும் சேர்ந்து வருகின்றன. மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947இல் ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் முட்டையிட ஏறியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். 1985இல் அந்த இனத்தின் பருவம் முழுவதற்கும் கிடைத்தவை 702 கூடுகள்தான். கரையில் கூடுகளுக்குக் காவல், கடலில் வலைகளுக்குக் கம்பிச் சட்டம், இரண்டும் சேர்ந்த பிறகுதான் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இன்னும் ஆபத்தான நிலையிலேயே இருந்தாலும் அந்த இனம் இன்று இருக்கிறது. பேராமையைப் பற்றியும் நல்ல செய்தி உண்டு. 2025 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் அதன் உலகளாவிய நிலையை ‘ஆபத்தில் உள்ளது’ என்பதிலிருந்து ‘கவலை குறைவு’ என்று மாற்றியது. முட்டையிடும் கரைகளுக்குக் காவல், வேட்டைக்குத் தடை, வலைகளில் மாற்றம் என்று பல பத்தாண்டுகள் உழைத்ததன் பலன் அது. ஆமை விஷயத்தில் பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சிகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கூட்டைக் கரையிலேயே விட்டுவைக்க வழியில்லாத இடங்களில் பொரிப்பகம் தேவைதான். ஆனால் பெரும்பாலான ஆமைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. கடலாமைகளில் சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இரண்டும் கலந்து வரும், அதற்கு மேல் போகப் போகப் பெண்கள் கூடும். ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 விழுக்காடு பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆகவே முட்டைகளை எங்கே புதைக்கிறோம், நிழல் இருக்கிறதா என்பதெல்லாம் விளையாட்டு விஷயம் இல்லை. பொரித்த குஞ்சு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவின் பலத்தில்தான் முதல் நாள் முழுக்க ஆழ்கடலை நோக்கி விடாமல் நீந்துகிறது. பார்வையாளர்கள் வரட்டும் என்று தொட்டியில் அடைத்து வைத்தால் அந்தப் பலம் தொட்டிக்குள்ளேயே கரைந்துவிடும். குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்க அனுமதிக்கும் இடத்துக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

நல்ல மீட்பு மையத்தை அடையாளம் காண ஒரே கேள்வி போதும்: இங்கே வந்தவற்றில் எத்தனையைத் திருப்பி விட்டீர்கள், எங்கே விட்டீர்கள்? தயங்காமல் பதில் சொல்லும் இடத்துக்குக் கொடுங்கள். பணத்தைவிட அவர்களுக்குப் பல நேரம் ஆள்தான் தேவைப்படும். கனடாவின் ஒண்டாரியோவில் ஆமைப் பாதுகாப்பு மையத்துக்காகத் தொண்டர்கள் தங்கள் காரில் அடிபட்ட ஆமைகளை ஊர் விட்டு ஊர் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மருத்துவம் தெரியாதவர்கள் செய்யக்கூடிய மிக உபயோகமான வேலை அது.

ஒரே சாலையில், ஒரே வளைவில், ஆண்டுதோறும் ஆமைகள் அடிபட்டால் அந்த இடங்களையும் தேதிகளையும் படத்தோடு சேர்த்து வைத்துச் சாலைத் துறையிடம் கொடுங்கள். ஒண்டாரியோவின் லாங் பாயிண்ட் கரைச்சாலை ஒரு காலத்தில் ஆமைகளுக்கு மிக மோசமான சாலைகளில் ஒன்று. அங்கே ஓரத்தில் வேலி போட்டு, சாலைக்கு அடியில் கடவுப்பாதைகள் அமைத்தார்கள். வேலி இடைவெளியில்லாமல் அமைந்த பகுதிகளில் சாலையில் ஏறும் ஆமைகள் பெருமளவு குறைந்தன. அரைகுறை வேலியால் அந்தப் பலன் வராது.

கடற்கரையில் வீடோ விடுதியோ உள்ளவர்கள் முட்டையிடும் பருவத்தில் கடல் பக்க விளக்குகளை அணைக்கலாம், அல்லது மறைப்பிட்டுச் செம்மஞ்சள் விளக்காக மாற்றலாம். குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கித்தான் நடக்கும். அது கடலா கட்டடமா என்று அவற்றுக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கைப் பற்றி ஓர் எண்ணை மட்டும் சொல்கிறேன். செத்த கடலாமைகளின் குடலை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வின்படி, 14 துண்டு பிளாஸ்டிக் விழுங்கிய ஆமை அதனாலேயே சாகும் வாய்ப்பு 50 விழுக்காடு.

கடைசியாக, ஆமை வாங்காதீர்கள். உலகில் உள்ள சுமார் 350 ஆமை இனங்களில் பாதிக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதற்கு வாழிட அழிவோடு வியாபாரமும் பெரிய காரணம். நட்சத்திர ஆமையைச் செல்லப்பிராணியாக விற்கக் கடத்திக் கடத்தியே, 2019இல் அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்யும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) முதல் பட்டியலுக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தது. ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்து, வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் குளத்தில் விட்டுவிடாதீர்கள். சிவப்புக்காது ஆமை உலகெங்கும் பரவி, அந்தந்த ஊர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்வது இப்படி விடப்பட்டவற்றால்தான். நோயும் அதோடு சேர்ந்து போகும். மீட்பு மையத்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எப்படி வந்தது என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லிவிட்டு ஒப்படைத்துவிடுங்கள்.